மடியில் கனம் 625 கிராம்

சென்னையிலிருந்து தெற்கே வரும் சாலை திண்டிவனத்தில் கிளை விடுகிறது. நேரே போனால் விழுப்புரம். இடப்பக்கம் திரும்பிக் கிளியனூரைக் கடந்தால் புதுச்சேரி. ரயில் அப்படியல்ல. திண்டிவனத்தில் நின்றுவிட்டு விழுப்புரம்வரை போய், அங்கே வண்டி மாறி, வளவனூர், சின்னபாபுசமுத்திரம் என்று கிழக்கே வரவேண்டும். 1879-ல் போட்ட கிளைப்பாதை அது. புதுச்சேரிக்கு ரயிலில் போகிறவர் யாரானாலும் விழுப்புரம் நடைமேடையில் கால் வைத்தே தீரவேண்டும் என்பது பிரிட்டிஷ் உளவுப் போலீசுக்குக் கிடைத்த வசதி.

அந்த வசதி தேவைப்பட்ட காலமும் வந்தது. 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்குள் போனார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் கப்பலில் வந்து இறங்கினார். அதே ஆண்டு பிற்பகுதியில், லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்தும் அரசரிடம் விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த வ.வே.சு. ஐயர், மாறுவேடத்தில் பல நாடுகளைச் சுற்றி அங்கே வந்து சேர்ந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் 1878-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாத இந்தியர் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை. அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரரின் சட்டம். நடுவே வேலி எதுவும் கிடையாது. தென்னாற்காட்டு ஊர்களும் பிரெஞ்சு ஊர்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன; வரப்பைத் தாண்டினால் வேறு நாடு.

1911 ஜனவரியில், புனலூரில் வனத்துறை வேலை பார்த்துவந்த செங்கோட்டை இளைஞர் ஒருவர் மூன்று மாத விடுப்பில் புதுச்சேரிக்கு வந்தார். வ.வே.சு. ஐயர் அவருக்குத் துப்பாக்கி சுடப் பழக்கினார் என்கிறது 1918-ல் வெளியான ரௌலட் குழுவின் அறிக்கை. அந்த இளைஞர் வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டிக்குள் மனைவியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை அவர் சுட்டார். நடைமேடைக் கழிவறைக்குள் ஓடித் தன் வாயிலும் சுட்டுக்கொண்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

நூறாண்டுக்கு மேலாக வாஞ்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டைப்பையிலிருந்து எடுத்த கடிதத்தைப் பற்றி, அதில் இருக்கும் சனாதனப் பேச்சைப் பற்றி, ஆஷ் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றிச் சண்டையும் போட்டிருக்கிறோம். அந்தச் சண்டை தேவையானதுதான். கடிதத்தைப் படித்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்தத் துப்பாக்கியை மட்டும் 'கைத்துப்பாக்கி' என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். இருபது வருடம் முன்னால் இதே செயலை இதே விதத்தில் ஒருவர் செய்திருக்க முடியாது. அப்படி ஒரு பொருளே அப்போது இல்லை.

வேலையில்லாத ஆலை

பெல்ஜியத்தின் லீயேஜ் நகரத்தை ஒட்டியிருக்கும் எர்ஸ்டல் என்ற ஊரில் 1889-ல் ஓர் ஆயுத ஆலை தொடங்கினார்கள். 'ஃபாப்ரிக் நாஸியோனால்' என்று பெயர், சுருக்கமாக எஃப்.என். பெல்ஜிய ராணுவத்துக்கு 1,50,000 மாசர் ரைஃபிள்கள் செய்து கொடுப்பதற்காகவே கட்டிய ஆலை. ஒரு ரைஃபிளின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் அச்சுப்பிசகாமல் பொருந்த வேண்டும். அந்தத் துல்லியத்துக்கான இயந்திரங்களெல்லாம் வாங்கிப்போட்டார்கள். ஆர்டர் முடிந்தது. மாசர் ரைஃபிளை வெளிநாடுகளுக்கு விற்கப் பார்த்தபோது ஜெர்மன் உரிமையாளர்கள் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். இயந்திரங்கள் இருக்கின்றன, வேலையாட்கள் இருக்கிறார்கள், செய்யப் பொருள் இல்லை. சைக்கிள்கூடச் செய்து பார்த்தார்கள்.

சைக்கிள் தொழிலைப் பார்த்துவர அமெரிக்கா போன ஆலையின் வணிக அதிகாரி ஹார்ட் பெர்க், திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு கைத்துப்பாக்கியின் மாதிரி. செய்தவர் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊர்க்காரர் ஜான் மோசஸ் பிரௌனிங். வரைபடம் போடுவதில் அவருக்கு அவ்வளவு நாட்டம் இல்லை. மனசுக்குள் இருப்பதை நேராக இரும்பிலேயே வெட்டிப் பார்க்கிற பட்டறைக்காரர். 1897 ஜூலையில் எஃப்.என். அவரோடு ஒப்பந்தம் போட்டது.

தானியங்கிக் கைத்துப்பாக்கி அதற்கு முன்பே வந்துவிட்டது என்று துப்பாக்கிப் பித்தர்கள் சொல்வார்கள். உண்மைதான். 1893-ல் போர்ஷார்ட் வந்தது. பின்பக்கம் பெரிதாகத் துருத்திக்கொண்டிருக்கும். 1896-ல் மாசர் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஓரடி நீளம், மரப்பெட்டிதான் உறை. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ராடா கம்பெனிச் சரக்கிலிருந்து புரட்சிக்காரர்கள் கடத்திய 50 துப்பாக்கிகளும் இந்த மாசர்தான். அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு விழுப்புரம் நடைமேடையில் நடந்து பாருங்கள். போர்ட்டர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ரிவால்வரைச் சிறியதாகச் செய்யலாம். ஆனால் தோட்டாக்களைச் சுமக்கும் உருளை நடுவில் வீங்கிக்கொண்டு நிற்கும். பையில் போட்டால் பையே காட்டிக்கொடுக்கும்.

பிரௌனிங் அந்த வீக்கத்தை எடுத்தார். தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கைப்பிடிக்குள் போயின. துப்பாக்கி தட்டையானது. கரும்புகை விடாத வெடிமருந்து 1880-களில் வந்திராவிட்டால் இதுவும் நடந்திருக்காது. பழைய கரிமருந்தில் நாலு முறை சுட்டாலே உள்ளே கரி அப்பிக்கொள்ளும். நுணுக்கமாக நகரும் உறுப்புகள் சிக்கிக்கொள்ளும்.

இன்னொரு முடிவும் எடுத்தார்: தோட்டாவைச் சிறியதாக்குவது. 7.65 மில்லிமீட்டர் விட்டம், நாலரை கிராமுக்குச் சற்று அதிகமான குண்டு. வலு குறைவு. ஆனால் வலு குறைந்ததால், வெடிக்கும் நொடியில் பின்பக்கத்தைப் பூட்டிவைக்கும் சிக்கலான பொறி தேவைப்படவில்லை. மேலே நகரும் ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கின் முறுக்கும் போதும். உறுப்பு குறைந்தால் செலவு குறையும், பழுது குறையும், அளவும் குறையும். ராணுவத்துக்குச் சக்தி போதுமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. பத்தடிக்குள் நிற்கிற மனிதனுக்கு அது போதும் என்பதை அடுத்த பத்தாண்டு உலகத்துக்குக் காட்டியது.

முதல் ஈட்டில் குறைகள்

1899-ல் ஆலையிலிருந்து வந்த முதல் ஈடு இன்றைக்கு நாம் படத்தில் பார்க்கும் பிரௌனிங் அல்ல. குழல் 122 மி.மீ. நீளம், பைக்கு அது அதிகம். கைப்பிடியின் பக்கத் தகடுகள் சிறியவை. பெரிய கைக்குப் பிடி கிடைக்காது. கயிறு கோக்க வளையம் இல்லை. குதிரைமேல் போகும் அதிகாரியின் கையிலிருந்து நழுவினால் போனதுதான். பெல்ஜிய ராணுவம் வேறு பல துப்பாக்கிகளோடு இதையும் போட்டிக்கு வைத்துப் பார்த்தது, பிடித்தது. ஆனால் மாற்றச் சொன்னது.

1900-ல் மாற்றினார்கள். குழலை 102 மில்லிமீட்டராக வெட்டினார்கள். பக்கத் தகடுகளைப் பெரிதாக்கினார்கள். வளையம் வைத்தார்கள். பாதுகாப்புப் பூட்டின் இரு நிலைகளிலும் பிரெஞ்சில் 'நெருப்பு', 'பத்திரம்' என்று பொறித்தார்கள். மொத்த நீளம் 172 மி.மீ., எடை 625 கிராம், மேகசினில் ஏழு தோட்டா. ராணுவம் ஏற்றுக்கொண்டது. கைப்பிடித் தகட்டில் குட்டியாக அந்தத் துப்பாக்கியின் படத்தையே பொறித்தார்கள்; ஆலைக்காரர்களுக்குத் தங்கள் சரக்கின்மேல் அவ்வளவு பெருமை.

பெருமைக்கு இடம் இருந்தது, குறையும் இருந்தது. 1900-ன் ஸ்பிரிங் குழலுக்கு மேலே ஒரு தனிக்குழாயில் படுத்திருந்தது. ஸ்லைடைத் திருப்பி முன்னே தள்ளுவதும் அதுதான், ஊசியை அடிக்க வைப்பதும் அதுதான். ஒரே ஸ்பிரிங்குக்கு இரட்டை வேலை கொடுத்தது சாமர்த்தியம். ஆனால் அதனால் துப்பாக்கியின் முகம் உயர்ந்து நின்றது. தோட்டாவை முட்டிப் பிடிக்கும் பின்கட்டை தனி உறுப்பு. இரண்டு திருகுகளால் ஸ்லைடோடு முடுக்கியிருந்தார்கள். நொடிக்கு நொடி அதிர்கிற இடத்தில் திருகு என்றால் எந்தப் பட்டறைக்காரரும் ஒரு முறை யோசிப்பார்.

பிரௌனிங்கும் யோசித்தார். அடுத்து வந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு மனிதர் தன் வேலையைத் தானே திருத்திக்கொண்டே போனது தெரியும். 1903-ன் பெரிய மாதிரியில் ஸ்பிரிங் குழலுக்குக் கீழே இறங்கியது. பின்கட்டையும் ஸ்லைடும் ஒரே இரும்புத் துண்டாயின, திருகுகள் போயின. 1910-ன் மாதிரியில் ஸ்பிரிங் குழலையே சுற்றிக்கொண்டது. துப்பாக்கி வழுவழுவென்று, எங்கும் மாட்டிக்கொள்ளாத உருவம் பெற்றது. பத்தாண்டு முழுக்க ஒரு ஸ்பிரிங்குக்கு இடம் தேடியிருக்கிறார்கள் என்றால் சிரிப்பு வரலாம். பைக்குள் அடங்குமா அடங்காதா என்பதை முடிவு செய்தது அந்த ஸ்பிரிங்தான்.

நடுவே 1906-ல் சட்டைப்பைக்கென்றே ஒரு குட்டி மாதிரி வந்தது: 6.35 மி.மீ. தோட்டா, 114 மி.மீ. நீளம், ஏறத்தாழ 350 கிராம். உள்ளங்கையில் மறைந்துவிடும். இதன் முதல் ஈடுகளில் பாதுகாப்புக்கு இருந்தது கைப்பிடியின் பின்புறத்துப் பட்டை ஒன்றுதான். கையால் இறுக்கிப் பிடித்தால்தான் சுடும். பையில் போட்டுக்கொண்டு அலைகிற பொருளுக்கு அது போதாது என்று தெரிந்தது. பிறகு கட்டைவிரலால் நகர்த்தும் பூட்டு சேர்ந்தது. அதன் பிறகு மேகசினை உருவிவிட்டால் சுடாத ஏற்பாடும் சேர்ந்தது. மேகசினைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில், குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சம் இருப்பதை மறந்தவர்களுக்காக. 'மூன்று பாதுகாப்பு' என்று சொல்லியே விற்றார்கள். பாதுகாப்பு என்பது வாங்கியவருக்கு. எதிரே நிற்பவரைப் பற்றி ஆலை கவலைப்படவில்லை.

உபயோகிக்கிறவர் சொல்லும் குறையைக் காது கொடுத்துக் கேட்டால் இப்படித் திருத்தம் வரும். நம் ஊரிலும் பாடம் உண்டு. விழுப்புரத்திலிருந்து அதே ரயில்பாதையில் தெற்கே போனால் திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கும் செய்த இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசின் 1999 கார்கில் குளிரில் விரிசல் விட்டது. மலை உச்சியில் நின்றவர்கள் சொல்லித்தான் அது வெளியே தெரிந்தது.

நாசிக், ஹெல்சிங்கி, ஹார்பின்

ராணுவத்துக்கென்று திருத்திய சரக்கைக் கடையிலும் விற்றார்கள். 1900 மாதிரி மட்டும் சுமார் ஏழு லட்சம் வெளியே போனது. அவ்வளவு போனால் எல்லார் கைக்கும் போகும்.

1904 ஜூன் 16. பின்லாந்தின் ஹெல்சிங்கியில், ரஷ்ய ஜார் நியமித்த கவர்னர் ஜெனரல் பொப்ரிக்கோவை ஓர் இளைஞர் சுட்டார். பெயர் ஒய்கன் ஷவுமன். அரசு அலுவலகத்தில் எழுத்தர். சுட்டதும் தன்னையும் சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் ஜாருக்கு எழுதிய கடிதம். துப்பாக்கி எஃப்.என். பிரௌனிங் 1900. அரசு ஊழியர், மேலதிகாரி, ஒரே துப்பாக்கிக் குடும்பம், தற்கொலை, பையில் கடிதம்: மணியாச்சிக்கு ஏழு ஆண்டும் ஒரு நாளும் முன்பு நடந்தது இது. வாஞ்சி ஷவுமனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நான் சொல்லவும் இல்லை. ஆனால் கையில் இருந்த பொருள் ஒன்றானபோது காட்சியும் ஏறத்தாழ ஒன்றானது.

1909 அக்டோபர் 26-ல் மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபுமியைக் கொரியரான ஆன் ஜங்-கியூன் சுட்டதும் இதே 1900 மாதிரியால். மறுபடியும் நடைமேடை. ரயில் வண்டி, குறித்த நேரத்துக்குப் பெரிய மனிதரைக் கூட்டத்தின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. துப்பாக்கியைக் கூட்டத்துக்குள் கொண்டுவந்தவர் பிரௌனிங்.

இந்தியாவுக்கு வந்த வழி லண்டன், பாரிஸ். 1909-ன் தொடக்கத்தில், லண்டனில் இந்திய மாணவர்கள் தங்கிய இந்தியா ஹவுஸின் சமையல்காரர் சதுர்புஜ் அமீன் ஊர் திரும்பியபோது, அவருடைய பெட்டியின் கள்ள அடித்தட்டில் 20 பிரௌனிங் துப்பாக்கிகளை வைத்து அனுப்பினார் சாவர்க்கர். அவற்றில் ஒன்று அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு நெருக்கமாக இருந்தவர்தான் நம் வ.வே.சு. ஐயர்.

இங்கே ஆலையின் ஒழுங்கே ஆளைக் காட்டிக்கொடுத்தது. எஃப்.என். தன் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறித்துக் கணக்கு வைத்திருந்தது. உறுப்புகள் மாறாமல் பொருந்தவும், எந்த ஈட்டில் குறை வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கவும் அந்த எண் உதவும். தரக்கட்டுப்பாட்டுக்காக அடித்த முத்திரை, ஐரோப்பாவில் எங்கே விற்றது, யாரிடம் போனது என்று தேடும் போலீசுக்கும் நூல் பிடித்துக் கொடுத்தது. 1910 மார்ச்சில் லண்டனில் சாவர்க்கர் கைதானார்.

சோதனைக்கு அகப்படாதது

'மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்' என்பார்கள். கனத்தைக் குறைத்துக் கொடுத்தது எர்ஸ்டல் ஆலை. விழுப்புரத்தில் நின்ற மஃப்டி போலீஸ்காரர் என்ன செய்ய முடியும்? முகத்தைப் பார்ப்பார். பெயரைக் கேட்பார். புதுச்சேரியில் யார் வீட்டுக்கு என்பார். ஆளைத் தொடர்வதற்குத்தான் அந்த ஏற்பாடு. பொருளைப் பிடிப்பதற்கு அல்ல. துணிமூட்டை, தகரப்பெட்டி, வெற்றிலைக் கூடை என்று இறங்கும் மூன்றாம் வகுப்புக் கூட்டத்தில் 172 மில்லிமீட்டர் இரும்பைத் தேடுவது நடக்காத காரியம். அதுவும் ரயிலில் வருகிறவர்களைத்தான் பார்க்கலாம். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு மாட்டுவண்டியிலோ நடந்தோ போய் அங்கே ரயில் ஏறினால் விழுப்புரமே வழியில் வராது. வாஞ்சியின் துப்பாக்கி எந்த வழியாகத் தெற்கே போனது என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஆஷ் கொலைக்குப் பிறகு கண்காணிப்பு பல மடங்கானது. திருநெல்வேலிச் சதி வழக்கில் 14 பேரை நிறுத்தினார்கள். தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், ஏலிங், சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்து 1912 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒருவரான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு கடுங்காவல். வ.வே.சு. ஐயரும் பாரதியாரும் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி வரமுடியாமல் புதுச்சேரியிலேயே கட்டுண்டு கிடந்தார்கள். 1918 நவம்பரில் பாரதியார் எல்லை தாண்டிய உடனே கடலூர் அருகே கைதானார். அவர் மடியில் துப்பாக்கி இல்லை. ஆளைப் பிடிக்கும் ஏற்பாடு ஆளைப் பிடித்தது.

ஜான் பிரௌனிங் 1926 நவம்பர் 26 அன்று எர்ஸ்டல் ஆலையிலேயே மாரடைப்பில் இறந்தார். அப்போதும் ஒரு புதிய துப்பாக்கியைத் திருத்திக்கொண்டுதான் இருந்தார். அவருடைய 1910 மாதிரிதான் 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்றது என்பதைப் பள்ளிப்பிள்ளைகளும் படிக்கிறார்கள். துப்பாக்கியின் பெயரை மட்டும் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

1899-ன் முதல் ஈட்டுக்காக உருவான அந்த 7.65 தோட்டாவுக்கு நம் நாட்டில் இன்னும் ஆயுள் இருக்கிறது. ஆங்கில அளவில் அதன் பெயர் '.32'. ராணுவமும் போலீசும் வைத்திருக்கும் 9 மி.மீ. கைத்துப்பாக்கி தனியாருக்குத் தடை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்டுக் கலெக்டர் அலுவலகத்தில் மனுப்போடும் ஆலை முதலாளிக்கோ நிலக்கிழாருக்கோ, கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் கிடைப்பது .32 ரகம். அரசு ஆலைகள் செய்யும் 'அஷானி' கைத்துப்பாக்கியும் அதே தோட்டாவைத்தான் தின்கிறது. ராணுவத்துக்கு வலு போதாது என்று அன்றைக்குச் சொன்ன அதே காரணம், இன்றைக்கு அதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் காரணமாகிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் அவற்றையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். திண்டிவனத்திலும் அதே நடைமுறைதான். வங்கிக் காவலாளிகள் போன்றவர்களுக்குப் பொதுவாக விலக்குக் கொடுக்கிறார்கள்.